முதல் வாடகை வீடு: நம் பிள்ளைகள் அறிய வேண்டியவை

(கல்வி நிதி வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

நம் கல்வி நிதி பெறும் பிள்ளைகள் பலர் தோட்டப்புறங்களிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் கோலாலம்பூர், ஷா ஆலம், ஜோகூர் பாரு என்று புறப்படுகிறார்கள். அங்கே அவர்கள் முதன்முதலில் கையெழுத்திடும் பத்திரம் பெரும்பாலும் வாடகை ஒப்பந்தம்தான்.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன், கைப்பேசியில் வந்த படங்களை நம்பி, வீட்டைப் பார்க்காமலேயே 1,800 ரிங்கிட்டை ஏஜெண்டு என்று சொன்னவரின் சொந்தக் கணக்கில் போட்டான். சாவி வாங்கப் போன அன்று அவ்வீட்டில் வேறொரு குடும்பம் குடியிருந்தது. இழந்த பணத்தில் கோயில் தந்த உதவியும் அடக்கம். வெட்கத்தால் பெற்றோரிடம்கூட ஒரு மாதம் சொல்லவில்லை.

செல்வங்களே, வீட்டை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஏஜெண்டு பதிவு பெற்றவரா என்று சரிபாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே வங்கியையும் 997 எண்ணையும் அழையுங்கள்.

வழக்கத்தில் இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, அரை மாதம் நீர், மின்சார வைப்புத்தொகை, முதல் மாத வாடகை ஆகியவற்றைக் கேட்பார்கள். வாடகை 1,200 ரிங்கிட் என்றால் கையில் 4,200 ரிங்கிட் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். ஒப்பந்தத்திற்கு முத்திரை வரி கட்டுங்கள். முத்திரையில்லாத பத்திரம் நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்காது. குடிபுகும் நாளிலேயே சுவர் விரிசல், குழாய், மின்விசிறி யாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். நால்வர் தங்கி ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால், மற்றவர் தராத வாடகைக்கும் அவரே பொறுப்பு.

உரிமை இருப்பது போல் கடமையும் உண்டு. வாடகையைத் தேதி தவறாமல் கட்டுங்கள். பழுதை உடனே தெரிவியுங்கள். அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்காதீர்கள். அதேபோல், நீதிமன்ற ஆணையின்றிப் பூட்டை மாற்றி உங்களை வெளியேற்ற உரிமையாளருக்கும் அதிகாரமில்லை. 1950ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது.

இனி உயிரைப் பற்றிச் சொல்கிறேன். பணம் போனால் சம்பாதிக்கலாம். திருடனுக்குப் பயந்து இரும்புக் கிராதியைப் பூட்டி, சாவியை எங்கோ வைத்துவிட்டு உறங்குகிறோம். தீப்பிடித்தால் அதே கிராதி நம்மைச் சிறைப்படுத்தும். ஆகவே சாவி, வெளியாள் கைக்கு எட்டாமலும் வீட்டார் அனைவருக்கும் தெரிந்தும், கதவருகே தொங்க வேண்டும். குளியலறை வெந்நீர்க் கருவிக்கு 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுக் காப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் நிற்காவிட்டால் குளிக்காதீர்கள், மின்பணியாளரை அழையுங்கள். எரிவாயு வாடை வந்தால் விளக்கு சுவிட்சைத் தொடாமல் சன்னலைத் திறந்து வெளியேறி, 999ஐ அழையுங்கள். சுவாமி விளக்கையும் எரியவிட்டு வீட்டைப் பூட்டிச் செல்லாதீர்கள்; வணங்கி முடித்ததும் மலையேற்றிவிட்டுப் புறப்படுங்கள்.

நன்கொடையாளப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நிதி தருவதோடு நில்லாமல், ஒப்பந்தம் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு வீடு பார்க்கச் செல்லுங்கள். அந்த ஒரு மணி நேரமும் தருமமே.

எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளைக் காத்தருள்வானாக.