மஞ்சள் பூவுக்கு வந்த ஆபத்து

அகத்தியமலைத் தொடரில் ஓர் ஆர்க்கிட் உண்டு. பெயர் பாபியோபெடிலம் ட்ரூரி. உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. மஞ்சள் இதழ்கள், நடுவே பழுப்புக் கோடு, கீழே குட்டிச் செருப்பு போல ஒரு பை. அந்த அழகே அதற்கு எமனாகிவிட்டது. வேரோடு பிடுங்கி விற்றதில், இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

காட்டில் பிடுங்காமல், விதையிலிருந்தே வளர்க்கலாமே? ஆனால் ஆர்க்கிட் விதையில் உணவுச் சேமிப்பு கிட்டத்தட்ட கிடையாது. காட்டில் பூஞ்சை துணையிருந்தால்தான் முளைக்கும். ஆய்வுக்கூடத்திலோ சர்க்கரையும் சத்துகளும் கலந்த குப்பியிலேயே முளைக்க வைக்கலாம். திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் 1979இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தாவரவியல் பூங்கா ஆர்க்கிட்களை இப்படிப் பெருக்குகிறது. இத்தகைய நாற்றுகளை மலையோரக் குடும்பங்கள் வளர்த்து விற்றால், காடும் பிழைக்கும், அடுப்பும் எரியும்.

ஆர்க்கிட் வாங்குகிறீர்களா? எங்கே வளர்ந்தது என்று கேளுங்கள். காட்டில் பிடுங்கியது என்றால், தயவுசெய்து வாங்காதீர்கள்.