அதிரீனற் சுரப்பிகள்: ஆக்கமும் அகற்றலும்



இருளிலே நடந்து செல்கையில் காலடியிற் பாம்பொன்று கிடப்பதாகக் கண்டு திடுக்கிடுகின்றோம். நெஞ்சு படபடக்கின்றது, உடல் வியர்க்கின்றது. அது வெறும் பழுதையெனத் தெரிந்த சிறிது நேரத்தில் படபடப்பும் அடங்கிவிடுகின்றது. இந்த எழுச்சி எங்ஙனம் உண்டாயிற்று? எங்ஙனம் தணிந்தது? இவ்விரு வினாக்களையுமே இன்று ஆராய முற்படுகின்றோம்.

எமது சிறுநீரகங்களின் உச்சியிலே தொப்பிபோல இரு அதிரீனற் சுரப்பிகள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 கிராம் நிறையுடையது. உட்பகுதியாகிய மையவிழையம், அச்சமுற்ற வேளையில் அதிரீனலீன் என்னும் ஓமோனை இரத்தத்திற் சொரிகின்றது. வெளிப்பகுதியாகிய மேற்பட்டை, கொலஸ்திரோலைக் கொண்டு கோட்டிசோல் முதலியவற்றை ஆக்குகின்றது. இரத்தத்திற் கோட்டிசோல் குறைந்தால், மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி மேற்பட்டையைத் தூண்டுகின்றது. போதியளவு சேர்ந்ததும் அத்தூண்டலைக் குறைத்துக்கொள்கின்றது.

ஆக்கியதை அகற்றுவதும் உடலின் கடமையேயாம். அதிரீனலீனிற் பாதி சில நிமிடங்களிலேயே நொதியங்களாற் சிதைக்கப்படுகின்றது. கோட்டிசோல் பாதியாகக் குறைய ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் செல்லும். ஈரல் அதனை உருமாற்ற, சிறுநீரகம் வெளியேற்றுகின்றது. கோட்டிசோல் நெடுங்காலம் மிகுந்திருப்பின் தசை மெலியும், எலும்பு நலியும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும்.

இதனை அறிவதால் எமக்கு என்ன பயன் என்பீர்கள். தொய்வுக்கும் மூட்டுவாதத்துக்கும் வைத்தியர்கள் தரும் பிரெட்னிசொலோன் குளிகை கோட்டிசோலை ஒத்தது. அதனைப் பல வாரங்கள் உட்கொண்டால், வேண்டியது உண்டென எண்ணிக் கபச்சுரப்பி வாளாவிருக்கும். தூண்டுவாரின்றி மேற்பட்டையும் சுருங்கிவிடும். இந்நிலையில், "சுகம் வந்துவிட்டது" என்று குளிகையைத் திடீரென நிறுத்துவோர் எம்மிடையே உளர். ஈரலோ தன் கடமையை நிறுத்துவதில்லை. உள்ள மருந்தும் அகன்றுவிடும். உறங்கும் சுரப்பி உடனே விழித்தெழாது. சோர்வும் வாந்தியும் உண்டாகும். இரத்த அழுத்தம் வீழும். சிலவேளை உயிருக்கே இறுதி நேரும்.

ஆதலின், இக்குளிகையை வைத்தியர் கூறியபடி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். கடுங்காய்ச்சல் வரினும், சத்திரசிகிச்சை நேரினும், அதனை உட்கொள்வதை வைத்தியருக்கு முன்னரே சொல்லுதல் வேண்டும். இன்று வீடு திரும்பியதும், எம் இல்லத்து முதியோர் உட்கொள்ளும் குளிகைகள் எவையென அன்போடு விசாரிப்போமாக. அதுவே இப்பேச்சின் பயனாகும்.