இரண்டு நூல்களும் ஒரு கணக்கும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எங்கள் மாலை வகுப்பில் சிறு பிள்ளைகளுக்கு நீளங்களை ஒப்பிடும் கணக்குச் சொல்லிக் கொடுக்கையில் நாங்கள் செய்த பிழையொன்றை இச்சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நானுஓயாப் பிள்ளைகளுக்குப் புகையிரதப் பாதையே நல்ல பாடம் என்றெண்ணித் தொடங்கினோம். 1885இல் இங்கு வந்த பெரும்பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 5 அடி 6 அங்குலம். இங்கிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஓடி, 1940களில் மூடப்பட்ட சிறுபாதையில் 2 அடி 6 அங்குலம். (பிள்ளைகள் படிப்பது மீற்றர்க் கணக்கு, ஆதலால் மூங்கிற் கோலொன்றில் அடியும் அங்குலமும் குறித்துக் காட்டினோம்.) எது எவ்வளவு கூட என்றோம். “பெரும்பாதை, 3 அடி” என்றார்கள். மகிழ்ந்தோம்.

மறுநாள் கேள்வியைத் திருப்பினோம். “பெரும்பாதை 5 அடி 6 அங்குலம். அது சிறுபாதையைவிட 3 அடி கூட. சிறுபாதை எவ்வளவு?” பாதிப் பிள்ளைகள் 8 அடி 6 அங்குலம் என்றெழுதினார்கள். சிறுபாதை பெரும்பாதையை விழுங்கிவிட்டது!

குற்றம் பிள்ளைகளுடையதன்று. “கூட என்றால் கூட்டு, குறைய என்றால் கழி” என்று குறுக்குவழி கற்பித்தவர்கள் நாங்களே. இவ்விதத் தடுமாற்றம் கல்லூரி மாணவரிடமும் உண்டென்று அமெரிக்காவில் லூயிஸ், மேயர் என்போர் 1987இல் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் வீட்டில் அம்மா, “இன்றைக்குக் கொழுந்து நேற்றைவிட 2 கிலோ குறைய” என்றால் இதே பிள்ளைகள் மயங்குவதில்லை. அங்கே பொருள் தெரிகிறது. எங்கள் வகுப்பிலோ சொல் மட்டும் கேட்டது.

பின்பு பென்சில்களை வாங்கி வைத்துவிட்டு, ஆளுக்கு இரண்டு நூல் கொடுத்தோம். இலக்கத்தைத் தொடாமல், எது நீளம் என்று மட்டும் முதலிற் கேட்டோம். இரண்டையும் ஒரு முனை சேர்த்து வைக்கச் சொன்னோம். முனை சேராவிட்டால் ஒப்பீடே இல்லை. இதற்கே இரண்டு நாள் சென்றது. நீள நூல் முழுவதும் 5 அடி 6 அங்குலம். வெளியே நீட்டி நிற்கும் துண்டு 3 அடி. மிச்சத்தைப் பிள்ளைகளே கண்டார்கள். அதன் பின்னரே கொப்பியில் நூலுக்குப் பதிலாக நீளக் கட்டங்கள் வரைந்தோம். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1980கள் முதல் இப்படித்தான் வரைகிறார்கள்.

“இவளுக்குக் கணக்கு வராது” என்று லயத்தில் முடிவு கட்டப்பட்ட சிறுமி ஒருத்தி. புலமைப்பரிசில் பரீட்சைக்கு அனுப்புவதா என்றே வீட்டார் தயங்கினார்கள். அவள் நூல்களை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டுக் கேட்டாள்: “அண்ணா, சிறுபாதை பெரும்பாதையைவிட 3 அடி குறைய என்றாலும் இதே நூல்தானே?”

அடுத்த கணக்கை அவளையே சொல்லச் சொன்னோம்.