புலிக்குக் காடு மட்டும் போதுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மலேசியாவின் தேசியச் சின்னத்தில் கேடயத்தின் இரு பக்கமும் இரண்டு புலிகள் நிற்கின்றன. காவல் துறையின் சின்னத்திலும் புலி உண்டு. தேசியக் காற்பந்துக் குழுவின் பெயரே 'ஹரிமாவ் மலாயா'. ஆனால் காட்டில் உள்ள புலிகள் எத்தனை? 2016 முதல் 2020 வரை தீபகற்ப மலேசியாவில் நடந்த முதலாவது தேசியப் புலிக் கணக்கெடுப்பு, எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு என்று சொல்லிவிட்டது. 2004-ஆம் ஆண்டு மரபணு ஆய்வின் அடிப்படையில் தனித் துணையினமாக அறிவிக்கப்பட்ட மலாயாப் புலிக்கு, இந்தத் தீபகற்பத்தை விட்டால் வேறு காடு கிடையாது.

இந்த எண்ணிக்கையைக் கேட்டதும் பலர் எழுப்பும் கேள்வி ஒன்றுண்டு. "தாமான் நெகாரா இருக்கிறது, பெலும்-தெமெங்கோர் இருக்கிறது, எண்டாவ்-ரொம்பின் இருக்கிறது. காடு இருக்கும்போது புலி எங்கே போயிற்று?" நியாயமான கேள்விதான். புலி எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால் விடையும் கிடைத்துவிடும்.

புலி தனித்து வாழும் விலங்கு. சிங்கத்தைப் போல் கூட்டம் கூட்டி வேட்டையாடாது. அதனால் அதற்கு உறவே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொரு பெண்புலிக்கும் சொந்தமாக ஓர் எல்லை உண்டு. அப்படிப்பட்ட இரண்டு மூன்று பெண்புலிகளின் எல்லைகளைச் சேர்த்து ஆண்புலி ஒன்று ஆளும். மரத்திலும் புதரிலும் சிறுநீரைப் பீய்ச்சி அடிப்பது, அடிமரத்தில் நகத்தால் கீறுவது, தரையைப் பறித்துவிட்டுப் போவது எல்லாம் அவை ஒன்றுக்கொன்று எழுதும் கடிதங்கள். அந்த வாடையை வைத்தே வந்துபோனது ஆணா பெண்ணா, இணைசேரத் தயாராக உள்ளதா என்று அடுத்து வரும் புலி தெரிந்துகொள்ளும். வீண் சண்டையில் காலோ பல்லோ உடைந்தால் வேட்டை நின்றுபோகும். வேட்டை நின்றால் உயிர் போகும். அதனால்தான் இந்த ஏற்பாடு.

இனி வேட்டைக்கு வருவோம். புலி நெடுந்தூரம் துரத்தும் விலங்கன்று. பதுங்கி மிக அருகில் வந்த பிறகே பாயும். அதன் செம்மஞ்சள் நிறம் மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. மானுக்கோ சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கும் கண் இல்லை. இலைக்கும் புலிக்கும் நிறத்தில் வேறுபாடு தெரியாது. வரிகள் உடலின் வடிவத்தையும் மறைத்துவிடும். இவ்வளவு இருந்தும், பாய்ந்த பாய்ச்சலில் பெரும்பாலானவை தோல்வியில்தான் முடியும். கிடைத்த இரையை மறைவான இடத்திற்கு இழுத்துச் சென்று, சில நாட்கள் அங்கேயே தங்கித் தின்று முடிக்கும்.

வாரத்திற்கு ஒரு மான் என்று வைத்துக்கொண்டால், ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 50 பெரிய விலங்குகள் வேண்டும். அந்த 50 போன பிறகும் இரையினம் குறையாமல் இருக்க, அதைப் போல் பத்து மடங்கு, அதாவது சுமார் 500 விலங்குகள் அந்த எல்லைக்குள் மேய வேண்டும். ஒரே ஒரு புலிக்கான கணக்கு இது. குட்டி வைத்திருக்கும் தாய்க்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

மலேசிய மழைக்காட்டில் உயரமான மரங்களின் நிழலால் தரையில் புல் குறைவு. புல் குறைந்தால் மேயும் விலங்கும் குறைவு. இந்தியாவின் நாகரஹொளே, காசிரங்கா போன்ற காடுகளில் 100 சதுர கிலோமீட்டருக்குப் பத்துப் புலிகளுக்கு மேல் வாழ முடிகிறது. தாமான் நெகாராவில் 1990-களின் இறுதியில் தானியங்கிக் கேமராக்களை வைத்து ஆராய்ந்தபோது, அதே பரப்பிற்கு ஒன்று அல்லது இரண்டு புலிகளே இருந்தன. இயற்கையாகவே இங்கு புலிக்குப் பந்தி சிறியது. அந்தப் பந்தியிலும் மனிதர் கைவைத்தனர். கடமான் என்னும் 'ரூசா' பல காடுகளில் அரிதாகிவிட்டது. கடமானையும் கேளையாட்டையும் வேட்டையாட 2009-இல் தடை விதிக்கவேண்டிய நிலை வந்தது. மிஞ்சியிருந்த காட்டுப்பன்றியையும், 2021-இல் மலேசியாவில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வாட்டியது. 'புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது' என்ற பழமொழியை மான உணர்வுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். புலியைப் பொறுத்தவரை அது வயிற்றின் உண்மை. மரம் எத்தனை நின்றாலும் மான் இல்லாத காட்டில் புலி வாழாது.

அடுத்து, குடும்பம். பெண்புலி மூன்று அல்லது நான்கு வயதில் தாயாகும் பக்குவம் பெறும். கர்ப்பக் காலம் நூறு நாளுக்குச் சற்று அதிகம். ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று குட்டிகள். கண் திறவாத நிலையில் பிறக்கும் குட்டிகளைத் தாய் ஒருத்தியே வளர்க்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தாயின் பின்னால் நடந்துதான் அவை வேட்டையைக் கற்றுக்கொள்கின்றன. அதற்குள் பாதிக் குட்டிகள் இறந்துவிடுவதும் உண்டு.

வளர்ந்த மகள் தாயின் எல்லையை ஒட்டியே இடம் பிடிக்க முயலும். மகன் வெகுதூரம் போய்ப் புது இடம் தேட வேண்டும். அந்த அலைச்சலில் புலிக்குத் தண்ணீர் தடையாகாது. 19-ஆம் நூற்றாண்டில் ஜொகூர் நீரிணையை நீந்திக் கடந்து சிங்கப்பூரின் காம்பியர் தோட்டங்களுக்குள் புலிகள் வந்தது வரலாறு. இன்று தடையாவது நெடுஞ்சாலை. 2016 பிப்ரவரியில் திரங்கானு, கெமாமான் அருகே கிழக்குக் கரை நெடுஞ்சாலையில் வாகனம் மோதி ஒரு பெண்புலி இறந்தது. அதன் வயிற்றில் இரண்டு குட்டிகள் இருந்தன.

ஆண்புலி இறந்தாலும் இழப்பு ஒன்றோடு முடிவதில்லை. அதன் இடத்தைப் பிடிக்க வரும் புதிய ஆண், முந்தைய ஆணின் சிறு குட்டிகளைக் கொன்றுவிடும். குட்டிகளை இழந்தால்தான் தாய் மீண்டும் விரைவில் இணைசேரும் என்பதே காரணம். ஆக, எல்லையை ஆளும் ஓர் ஆண்புலியைச் சுட்டால், அத்தனை பெண்புலிகளின் குட்டிகளுக்கும் பாதுகாப்புப் போய்விடுகிறது.

இந்த இரண்டு அடிகளையும், இரை இழப்பையும் புலி இழப்பையும், ஒரே நேரத்தில் கொடுப்பது ஒரு சாதாரணக் கம்பிக் கண்ணி. மிதிவண்டியின் தடைக் கம்பி போன்ற மலிவான கம்பியை விலங்கின் தடத்தில் சுருக்காகப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கண்ணிக்கு ஆள் தெரியாது. மான் விழும், பன்றி விழும், தப்பீர் விழும், கர்ப்பிணிப் புலியும் விழும். திமிறித் தப்பினாலும் கால் அறுந்த புலி மானை எப்படிப் பிடிக்கும்?

அங்கேதான் மனிதருக்கும் ஆபத்து தொடங்குகிறது. நலமாக உள்ள புலி பொதுவாக மனித வாடை கண்டால் விலகிப்போகும். 1907-இல் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. அதன் வலப்பக்கக் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. அதனால் அது இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனது என்பது கார்பெட்டின் முடிவு. 2023-இல் கிளந்தான், குவா மூசாங் வட்டாரத்தில் புலி தாக்கி உயிரிழப்புகள் நேர்ந்தன. காட்டை நம்பி வாழும் பூர்வக்குடியினரும், இருட்டோடு மரம் சீவப் போகும் ரப்பர்த் தோட்டத் தொழிலாளரும் இந்த அச்சத்தை அறிந்தவர்கள். ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இது புதிதன்று. நகரத்தில் இருந்துகொண்டு "புலியைக் காப்போம்" என்று சொல்வது எளிது. புலியின் இரையைக் காட்டுக்குள்ளேயே காப்பாற்றினால்தான், காட்டோரத்து மனிதரின் உயிருக்கும் காவல் கிடைக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, அதிகபட்சத் தண்டனை 10 லட்சம் ரிங்கிட் அபராதம், 15 ஆண்டுச் சிறை என்று கடுமையாக்கப்பட்டது. காவல் துறையும் வனவிலங்குத் துறையும் 2019 முதல் கூட்டு நடவடிக்கை மேற்கொண்டு கண்ணிகளை அகற்றி வருகின்றன. ஆனால் காட்டு மான் இறைச்சிக்கு மேசையில் இடமும், புலி நகத்துக்குக் கழுத்துச் சங்கிலியில் மதிப்பும் இருக்கும்வரை கண்ணிக்கும் வேலை இருக்கும். வாங்குபவர் இல்லையென்றால் கம்பியை வளைப்பவர் யாருக்காக வளைப்பார்?

நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது. நேப்பாளத்தில் 2009-இல் 121 புலிகள் இருந்தன. 2022 கணக்கெடுப்பில் 355. அங்கே காட்டையும் காத்தார்கள், இரையையும் காத்தார்கள், கள்ள வேட்டையையும் அடக்கினார்கள். மீதி வேலையைப் பெண்புலிகளே பார்த்துக்கொண்டன. வயிறார இரையும் இரண்டு ஆண்டுகள் தொந்தரவில்லாத அமைதியும் கிடைத்தால், புலி பெருகக்கூடிய விலங்குதான்.

எனவே நேயர்களே, அடுத்த முறை உணவகம் ஒன்றில் "இன்று காட்டு மான் கறி இருக்கிறது" என்று யாராவது காதோடு சொன்னால், அது யாருடைய தட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.