வாலாங்குளக் கரையில் ஓடலாமா?
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



வாலாங்குளக் கரைப் பாதையில் காலை 5.30 முதல் 7.30 வரை யாரும் ஓடக்கூடாது என்று மனு கொடுப்பதா, வேண்டாமா என்று இன்று முடிவெடுக்கப் போகிறோம். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் தெருப் பெரியவர் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்ததே, அன்று அவர்மீது மோதியது நான்தான். அவருடைய அனுமதியோடுதான் இதை இங்கே சொல்கிறேன்.

காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். தண்ணீரில் கூழைக்கடா ஒன்று இறங்கியதைப் பார்க்க இடப்பக்கம் ஓரடி நகர்ந்தார். நானும் அந்தப் பக்கமாகத்தான் முந்தப் பார்த்தேன். குரல் கொடுக்கவில்லை. ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். ஞாயிறுதோறும் பார்க்கப் போவேன். அம்மா காபி கொடுப்பார்கள், பேசமாட்டார்கள். பெரியவர்தான், "சைக்கிளுக்குக்கூட மணி இருக்குதுங்க, உங்களுக்கு அதுவும் இல்லீங்களே" என்றார்.

நான் ஏன் அங்கே ஓடுகிறேன்? மூன்று வருடத்துக்கு முன் சர்க்கரை என்று தெரிந்தது. நம் தெருவில் ஓடினால் நாய் துரத்தும், சுங்கம் பைபாஸில் ஓடினால் லாரி. நொய்யலிலிருந்து பெரியகுளத்துக்கு வந்த தண்ணீர் அங்கிருந்து வழிந்து வாலாங்குளத்துக்கு வருகிறது. அந்தக் கரையில் பாதை வந்த பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்கு ஓட ஓர் இடம் கிடைத்தது. அதை மூடிவிட்டால் நான் திரும்பவும் பைபாஸுக்குத்தான் போகவேண்டும்.

ஆனால் கல் பதித்த பாதை ஓடுபவரை ஏமாற்றும். மண்ணில் ஓடினால் குழி, கல், வேர் என்று கண் தரையிலேயே இருக்கும். வேகம் தானாகக் குறையும், சரளையில் காலடிச் சத்தமும் கேட்கும். சமதளத்தில் அது எதுவும் இல்லை. கால் நம்மைக் கேட்காமலே வேகமெடுக்கிறது, இன்றைய ஷூக்களில் சத்தமும் வருவதில்லை. முன்னால் போகிறவருக்கு முதுகில் கண்ணா இருக்கிறது?

உடம்புக்கும் கணக்கு உண்டு. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்கும். நிமிடத்துக்கு 160 அடி என்றால் அரை மணி நேரத்தில் 4,800 அடி. முதல் மாதமே ஆசையில் தூரத்தைக் கூட்டி, முன்கால் எலும்பில் வலி வந்து இரண்டு மாதம் உட்கார்ந்திருக்கிறேன். கல்லைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவசரம் என்னுடையது. மழைக்காலத்தில் மட்டும் கல்லையும் நம்பாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிழல் விழும் இடங்களில் பாசி பிடித்துவிடும். ஓடுபவர் மட்டுமல்ல, நடப்பவரும் அங்கே வழுக்குவார்.

என் யோசனை இதுதான். தடை வேண்டாம். வேகமாக ஓடுபவர்கள் 6 மணிக்குள் முடித்துக்கொள்ளட்டும். அதன் பிறகு கூட்டம் இருக்கும் இடத்தில் நடந்து கடக்கட்டும். காதில் எதுவும் வேண்டாம். முந்தும்போது பத்தடிக்கு முன்பே "வலப்பக்கம் வர்றேனுங்க" என்று சொல்லிவிட வேண்டும். நடப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: நான்கு பேர் கைகோத்த மாதிரி பாதையை அடைத்துக்கொண்டு மருமகள் கதை பேசவேண்டாம். இரண்டிரண்டு பேராக இடப்பக்கம் போனால் போதும்.

ஓடும் நண்பர்கள் பதினோரு பேரிடம் பேசிவிட்டேன். ஒன்பது பேர் சம்மதித்துவிட்டார்கள், இருவர் யோசிக்கிறார்கள்.

பெரியவர் கட்டுப் பிரித்து இன்று வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் இருக்கிறார். மனுவில் முதல் கையெழுத்து அவருடையதுதான். அவர் பேசிய பிறகு ஓட்டெடுப்பை வைத்துக்கொள்ளும்படி தலைவர் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன்.