14.30 எங்கே போயிற்று?

இந்தக் கருத்தரங்குக்குத் தலைமையேற்கக் கேட்டபோது மறுக்கத் தெரியாமல் ஒப்புக்கொண்டேன். எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர்களை நினைத்து இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. அழைப்பிதழைப் பார்த்ததும்தான் தைரியம் வந்தது. 'திமிரி, வேலூர் மாவட்டம்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 2019 நவம்பர் 28 முதல் நாம் ராணிப்பேட்டை மாவட்டம். காலாவதியான மேற்கோள்களைத் திருத்தக் கூடியிருக்கும் கருத்தரங்குக்கு இதைவிடப் பொருத்தமான அழைப்பிதழ் கிடைக்காது.

வலைச் சட்டகங்களின் ஆவணங்களைப் புதுப்பிப்பது பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? செத்துப்போன இணைப்புகள், பைத்தான் 2 காலத்து எடுத்துக்காட்டுகள் எல்லாம் கட்டுரைகளில் வரும். நான் ஒரே ஓர் எண்ணைப் பற்றிப் பேசிக்கொள்கிறேன்: 2616.

1999 ஜூனில் அந்த எண்ணோடு வந்த ஆர்.எஃப்.சி. என்ற இணைய விதி ஆவணம்தான் நெடுங்காலம் எச்.டி.டி.பி. 1.1-க்கு இலக்கணம். 2014 ஜூனில் அதை 7230 முதல் 7235 வரை ஆறாகப் பிரித்து எழுதினார்கள். 2022 ஜூனில் அவற்றுக்கும் பதிலாக 9110, 9111, 9112 வந்தன. சட்டக ஆவணங்களில் பழைய எண் இன்னும் தலைகாட்டுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இதேபோன்ற ஓர் அரங்கில், நான் மதிக்கும் ஆம்பூர் நண்பர் ஒருவர், "இது குமாஸ்தா வேலை. 2616 இருக்கிற இடமெல்லாம் 9110 என்று போட்டால் முடிந்தது" என்றார். அன்று நேரமாகிவிட்டது என்று என்னைப் பதில் பேச விடவில்லை. இன்று மைக் என் கையில்.

உலாவியை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் லொக்கேஷன் என்ற தலைப்பு வரியை எடுத்துக்கொள்வோம். 2616-இல் அதற்குரிய பிரிவு 14.30. எண்ணை மட்டும் மாற்றிவிட்டு 9110-ஐத் திறந்தால், 14-ஆம் பிரிவு ஒரு கோப்பில் துண்டு மட்டும் கேட்டு வாங்குவது பற்றிப் பேசுகிறது. அதில் 14.30 என்ற உட்பிரிவே கிடையாது. நமக்கு வேண்டியது 10.2.2-இல் இருக்கிறது.

சரி, பிரிவு எண்ணையும் திருத்திவிட்டோம். தீர்ந்ததா? 2616 அந்த வரியில் முழு முகவரி வேண்டும் என்றது. 7231 சார்பு முகவரியும் போதும் என்று தளர்த்தியது. ஜாங்கோ சட்டகம், 2015 டிசம்பரில் வந்த 1.9 பதிப்பில்தான், திருப்பிவிடும் முகவரிகளை முழு முகவரியாக மாற்றுவதைக் கைவிட்டது. இப்போது 'முழு முகவரியே தரவேண்டும்' என்ற பழைய வாக்கியத்தின் கீழ் புது எண்ணைப் போட்டுப் பாருங்கள். பழைய எண் இருந்தவரை வாசகர் சந்தேகப்படவாவது வாய்ப்பு இருந்தது, இனி நம்பிவிடுவார்.

7231, 9110 இரண்டுக்கும் பின்னிணைப்பு 'பி' என்று ஒன்று உண்டு. முந்தைய ஆவணத்திலிருந்து என்ன மாறியது என்று அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். நம் துறையில் யாரும் சீண்டாத பக்கங்கள் அவை. ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில்கூட நான் பார்த்ததில்லை, என் மாணவர்களுடையதையும் சேர்த்துத்தான். இன்னொரு மாற்றம்: 422 என்ற நிலைக்குறி எண் மாறாமல் 'அன்பிராசஸபிள் என்டிட்டி' என்ற பெயரை விட்டு 'அன்பிராசஸபிள் கன்டென்ட்' ஆனது 9110-இல். ரூபிக்காரர்களின் ரேக் நிரலகம் 3.1 பதிப்பில் பெயரை மாற்றிக்கொண்டபோதுதான் பலர் விழித்தார்கள்.

எதிர்ப்பக்கத்து நண்பர்களையும் விடுவதாக இல்லை. பழைய பதிப்புகளின் வெளியீட்டுக் குறிப்பிலும் 9110 என்று போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கிரயப் பத்திரத்தில் 'வட ஆர்க்காடு மாவட்டம்' என்று இருக்கிறது. அந்த மாவட்டம் 1989-இலேயே பிரிந்துவிட்டது. அதற்காகப் பத்திரத்தில் அடித்துத் திருத்தினால் சார்பதிவாளர் சும்மா விடுவாரா? அழைப்பிதழ் இன்றைக்கு வழி சொல்வது, திருத்தத்தான் வேண்டும். பத்திரம் அன்று நடந்ததைச் சொல்வது. ஜாங்கோ 1.9-இன் குறிப்பு எழுதப்பட்டபோது 9110 பிறக்கவே இல்லை. அங்கே 7231 அப்படியே இருக்கட்டும்.

ஆம்பூர் நண்பர் கை தூக்குகிறார். தேநீருக்குப் பின் முதல் அமர்வே அவருடையதுதான், தலைப்பு தானியங்கித் திருத்தம். நான் முன்வரிசையில் 9110-ஐத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் வந்து 14.30-ஐக் காட்டட்டும்.