முதுகு நசுங்கினால் படுத்தே கிடப்பதா?

(முதியோர் கூட்டமொன்றில் தோட்ட வைத்திய உதவியாளர் ஆற்றிய உரை)



“விறகுக் கட்டைத் தூக்கினேன், முதுகில சுரீர்னுச்சு, அன்னையிலிருந்து நிமிர முடியல்ல” என்று டிஸ்பென்சரிக்கு வருகிற அம்மாமார் பலர். வாயுப் பிடிப்பு என்று எண்ணெய் போட்டு நீவி, சிலர் பேரப்பிள்ளையை ஏற்றி மிதிக்கவும் விட்டபிறகுதான் வருகிறார்கள். வயசானால் எலும்பு உள்ளே பஞ்சு மாதிரி ஆகிவிடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது வேகமாக நடக்கும். அப்படியான முதுகெலும்பு விழாமலே நசுங்கும். ஒரு வாளித் தண்ணீர் போதும், சிலருக்கு இருமலே போதும். ஆகவே திடீர் முதுகு வலிக்கு நீவவும் வேண்டாம், மிதிக்கவும் வேண்டாம். எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

வலி அடங்க 6 முதல் 12 கிழமை செல்லும். அதுவரை காம்பராவில் படுத்தே கிடங்கள் என்று மருமகள்மார் அன்பாகத்தான் சொல்வார்கள். அதுதான் கெடுதி. கிடக்கக் கிடக்க எலும்பு இன்னும் மெலியும், சதை வற்றும், நெஞ்சில் சளி கட்டும். முதல் சில நாள் ஓய்வு போதும். பிறகு, சொன்ன அளவில் பெனடோல் போட்டுக்கொண்டு லயத்து வாசலில் பத்து அடி, மறுநாள் இருபது அடி நடக்க வேண்டும். படுக்கையிலிருந்து நேரே நிமிராதீர்கள். உடம்பை மரக்கட்டை மாதிரி ஒருசேரப் பக்கவாட்டில் புரட்டி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்புங்கள்.

குனிந்து அடுப்பு ஊதுவது, பீலித் தண்ணீர் சுமப்பது, கொழுந்துக் கூடை எல்லாம் வேண்டாம். வேலை நின்றபிறகும் கைக்காசுக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத வீடுகள் உண்டு, எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் நசுங்கிய முதுகோடு தலையில் கூடைக்கயிற்றை மாட்டினால் அடுத்த எலும்பும் போகும். எலும்பு நசுங்கிய பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் இன்னொன்று நசுங்குகிறது.

அதனால் வலி போனதும் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். கிழமைக்கொரு தரம் போடும் அலென்ட்ரோனேட் குளிசை தந்தால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு கோப்பை வெறும் தண்ணீரோடு விழுங்குங்கள். அரை மணித்தியாலம் படுக்கக்கூடாது, பிளேன்டீயும் கூடாது. நம் ஆட்களுக்கு அந்தப் பிளேன்டீதான் பெரிய கஷ்டம்! நெத்தலியைத் தலையோடு மென்று சாப்பிடுங்கள், கீரையும் சேருங்கள்.

காய்ச்சலும் மெலிவும் சேர்ந்த முதுகு வலி சயரோகமாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ அறியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. ராத்திரியென்றாலும் என் கதவைத் தட்டுங்கள். லொறிக்கு நான் சொல்கிறேன்.